கதீட்டரில் ஏறும் கிருமிகள்

மருத்துவமனைக் கட்டிலோரம் தொங்கும் யூரின் பையைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பையையும் நோயாளியின் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் மெல்லிய குழாய்க்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி வடிவமைத்தது. நுனியிலுள்ள சிறு பலூனில் நீர் ஏற்றினால் குழாய் வெளியே நழுவாது.

சிறுநீர்ப்பையின் பெரிய காவல், அது நிரம்பி நிரம்பிக் காலியாவதுதான். ஒட்ட வரும் பாக்டீரியாவை ஒவ்வொரு முறையும் சிறுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் வந்ததும் இது குலைகிறது. பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கிறது.

அதைவிட வியப்பானது இன்னொன்று. குழாய் உரசி உட்சுவர் புண்படும்போது, இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அங்கே வந்து சேர்கிறது. புண்ணை ஆற்ற வந்த அந்தப் புரதம் குழாயின் மேலும் படிகிறது. வெறும் சிலிக்கோன் குழாயில் சரியான பிடி கிடைக்காத என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் பாக்டீரியாவுக்கு அதுவே பிடிமானம். அதன் நுண்ணிழைகளின் நுனியில் ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது. அந்தப் புரதத்துக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட எலிகளில் தொற்று தடுக்கப்பட்டதை செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். உடலின் மருந்தே கிருமிக்குப் படியாகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திகைப்புதான்.

ஒட்டியவை பெருகி, தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலத்தைச் சுரக்கின்றன. இதுதான் பயோஃபிலிம். மருந்து இதற்குள் இருப்பவற்றை எளிதில் கொல்வதில்லை.

இவற்றில் மிகக் கொடியது புரோட்டியஸ் மிராபிலிஸ். 1885இல் குஸ்தாவ் ஹவுசர், உருமாறும் கிரேக்கக் கடல் தேவனின் பெயரை இந்த இனத்துக்கு வைத்தார். பொருத்தமான பெயர்: குட்டையான செல்கள் திடீரென நீண்டு, உடலெங்கும் கசையிழைகள் முளைத்து, கூட்டமாகக் குழாயின் மேல் ஊர்ந்து ஏறுகின்றன. இது சுரக்கும் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறும்; அதில் கரைந்திருந்த மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாக இறுகும். கடைசியில் குழாயே கல்லால் அடைபடும். வெளியேற முடியாத சிறுநீர் சிறுநீரகம் வரை பின்வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா புதிதாகச் சேர்கிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும். எல்லோருக்கும் அது நோயாவதில்லை. காய்ச்சல், வலி போன்ற அறிகுறி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. கிருமிகளைத் தடுக்கவென வந்த வெள்ளிப் பூச்சுக் குழாய்களும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை: 2012இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், குறுகிய காலத்துக்குக் குழாய் வைத்தவர்களிடம் அவற்றால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

சீக்கிரம் எடுத்துவிடுவதே இன்றுவரை சிறந்த வழி. உங்கள் வீட்டில் யாருக்காவது குழாய் வைத்திருந்தால், யூரின் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே தூக்காதீர்கள். நீங்களாக இழுத்து எடுத்துவிடவும் வேண்டாம். தினமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இன்றைக்கும் இந்தக் குழாய் தேவைதானா?"