மேடையில்லாப் பட்டமளிப்பு

பட்டமளிப்பு விழா வெறும் ஆடம்பரம் என்று எண்ணுவோர் உளர். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் தரித்து, வரிசையாய்ச் சென்று, ஒரு காகிதச் சுருளை வாங்கித் திரும்புவதில் அறிவு ஏது, ஆக்கம் ஏது என்று அவர்கள் வினவுவர். கல்வி பரம்பரைச் சொத்தாய்க் கிடைத்த குடும்பத்தாருக்கு இக்கேள்வி நியாயமாகத் தோன்றலாம். எழுத்தறிவதே குற்றமென்று விதிக்கப்பட்டிருந்த ஒரு ஜன சமூகத்தாரை இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு விடை பகருவர். அவர்களுக்கு அவ்வூர்வலம் ஒரு விடுதலை ஊர்வலம்.

2020-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி சனிக்கிழமையன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்தேறிய ஒரு விழா இதற்குச் சான்று. அவ்விழாவுக்கு மண்டபமுமில்லை, மேடையுமில்லை. பட்டதாரிகள் தத்தம் வீடுகளில் இருந்தனர்; வாழ்த்துரைத்தோரும் தத்தம் இடங்களிலேயே இருந்தனர். இணையத்தின் வழியே, இரண்டு மணி நேரம், கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட 78 கலாசாலைகளைச் சேர்ந்த 27,000-க்கு மேற்பட்ட பட்டதாரிகளுக்கு மரியாதை செய்யப்பட்டது. அவ்விழாவின் பெயரைத் தமிழிற் சொல்வதானால், 'உன் நடையைக் காட்டு' என்பதாகும். மேடையேறி நடந்து சென்று பட்டம் பெறும் அந்த ஒரு நிமிஷ நடையையே அப்பெயர் குறிக்கிறது. நடக்க மேடையே இல்லாத ஆண்டில் அப்பெயரைச் சூட்டினர் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

கொள்ளைநோயும் கலாசாலைகளும்

அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோய் அந்நாடெங்கும் பரவவே, கலாசாலைகள் கதவடைத்தன. விடுதிகளில் தங்கியிருந்த மாணாக்கர் சில தினங்களுக்குள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய பாடங்களைக் கணினியிலும் செல்பேசியிலும் கேட்டு முடித்தனர். வழக்கமாக மே மாதத்தில் நடக்கும் பட்டமளிப்பு விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்தப்பட்டன அல்லது ஒத்திவைக்கப்பட்டன.

நோய் அனைவருக்கும் பொது. அதன் அடி அனைவருக்கும் ஒன்றாயில்லை. கறுப்பின மக்கள் தமது ஜனத்தொகை வீதத்துக்கு மிஞ்சிய அளவில் அந்நோய்க்கு இரையாயினர். நெருக்கமான வீடுகளும், வீட்டிலிருந்தபடி செய்யவியலாத தொழில்களும், வைத்திய வசதிக் குறைவும் அதற்குக் காரணங்களாயின. வேலையின்மையோ ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 14-க்கு மேல் உயர்ந்துவிட்டது. இத்தகைய காலத்திற் பட்டம் பெற்ற பிள்ளைக்கு வேலையுமில்லை, விழாவுமில்லை. வீட்டில் முதன்முதலாய்ப் பட்டம் பெறும் பிள்ளையின் நடையைக் காணக் காத்திருந்த தாய்மார்க்கும் பாட்டிமார்க்கும் அந்த நிமிஷம் பறிபோயிற்று. இவ்வெறுமையில் எழுந்ததே அவ்விணையவழி விழா.

எழுத்தறிவு குற்றமாயிருந்த காலம்

இவ்விழாவின் பொருளை உணர அக்கலாசாலைகளின் பூர்வ சரித்திரத்தை உணர்தல் அவசியம். 1740-ம் வருஷத்திலேயே தென் கரோலினாவில், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் பிறந்தது. 1831-ல் வர்ஜீனியாவில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பர்களுங்கூட எழுதப் படிக்கக் கற்கும் பொருட்டுக் கூடுவது சட்டவிரோதமாக்கப்பட்டது. மனிதனை விலங்கிட்டு வைப்பதற்கு இரும்பு மாத்திரம் போதாது, அறியாமையும் வேண்டும் என்பதை அடிமை எஜமானர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ம் வருஷத்தில், அதே வர்ஜீனியாவில், மேரி பீக் என்னும் கறுப்பின மாது, எஜமானரிடமிருந்து தப்பிவந்த அடிமைகளுக்கு ஓர் ஓக் மரத்தடியில் எழுத்துக் கற்பிக்கலானார். அடுத்த ஆண்டே அவர் க்ஷயரோகத்தால் மாண்டார். ஆனால் அம்மரத்தடியிற்றான் 1863-ல் அடிமை விடுதலைப் பிரகடனம் வாசிக்கக் கேட்டனர் அப்பகுதி மக்கள். அம்மரம் இன்று ஹாம்ப்டன் சர்வகலாசாலையின் வளாகத்தில் நிழல் பரப்பி நிற்கிறது.

போர் முடிந்த பின்னர் அத்தகைய கலாசாலைகள் பல தோன்றின. 1866-ல் பிஸ்க், 1867-ல் ஹௌவர்டும் மோர்ஹவுஸும், 1868-ல் ஹாம்ப்டன், 1881-ல் டஸ்கீகீ என அவற்றின் வரிசை நீளும். இவை செல்வர்களின் கொடையால் மாத்திரம் வளர்ந்தனவல்ல. பிஸ்க் கலாசாலை பணமின்றி மூடப்படும் நிலையிலிருந்தபோது, அதன் மாணாக்கர் சிலர் 1871-ல் ஊரூராய்ச் சென்று தம் முன்னோர் அடிமைகளாயிருந்து பாடிய பக்திப் பாடல்களைப் பாடிப் பொருள் திரட்டினர். அப்பொருளைக் கொண்டு எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிலைத்து நிற்கிறது. பாடிப் பாடிக் கட்டிய கலாசாலைக்குப் பட்டமளிப்பு விழா ஆடம்பரமென்று யார் சொல்லத் துணிவர்?

விளைந்த பயன்

அம்மரத்தடிப் பள்ளிகளின் வழிவந்த கலாசாலைகள் நாட்டுக்கு ஈந்தது யாது? மார்ட்டின் லூதர் கிங் 1948-ல் மோர்ஹவுஸிற் பட்டம் பெற்றார். நிறவேற்றுமைப் பள்ளிகளை எதிர்த்து 1954-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் ஹௌவர்டு சட்டக் கலாசாலையின் மாணாக்கர். 1993-ல் நோபல் பரிசு பெற்ற டோனி மோரிஸன் ஹௌவர்டின் பட்டதாரி. 1960-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்க்கு மாத்திரம் உணவளித்த கடையொன்றில் அமர்ந்து எழ மறுத்த நால்வரும் வட கரோலினாவிலுள்ள இத்தகைய கலாசாலை ஒன்றின் மாணாக்கரே. சென்னையிற் பிறந்த ஷியாமளா கோபாலனின் புதல்வி கமலா ஹாரிஸ், 1986-ல் ஹௌவர்டிற் பட்டம் பெற்றவர். இவ்விழா நடந்த அதே 2020-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அந்நாட்டின் உப ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் தேசத்துக்கும் இக்கலாசாலைகளுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1936-ம் வருஷத் தொடக்கத்தில் ஹௌவர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஹௌவர்டு தர்மன் பர்தோலியில் மகாத்மா காந்தியைக் கண்டு உரையாடினார். அவ்வருஷ முடிவில் பெஞ்சமின் மேஸ் வார்தாவில் அவரைக் கண்டு அகிம்ஸையின் தத்துவத்தை வினவி அறிந்தார். அந்த மேஸ் 1940-ல் மோர்ஹவுஸின் தலைவரானார். அவரிடம் பயின்றவரே கிங். கலப்பற்ற அகிம்ஸையின் செய்தி உலகுக்குக் கறுப்பின மக்கள் வாயிலாகவே கிட்டக்கூடும் என்று மகாத்மா தர்மனிடம் கூறியதாக வரலாறு உண்டு. கூறிய வாக்கு இருபது ஆண்டுகளுக்குள் பலிக்கத் தொடங்கியதை உலகம் கண்டது.

யந்திரமும் கருத்தும்

கொள்ளைநோய் ஆண்டில் இணையவழிப் பட்டமளிப்பு வேறு பல இடங்களிலும் நடந்தது. மார்ச்சு மாதம் டோக்கியோ நகரில், ஒரு சர்வகலாசாலை யந்திர மனிதர்களுக்கு அங்கி அணிவித்து, பட்டதாரிகளின் முகங்களை அவற்றின் தலையிலிருந்த திரையில் தோன்றச் செய்து, பட்டம் வழங்கிற்று. மே மாதம் பெர்க்லியின் மாணாக்கர் தமது வளாகத்தையே ஒரு கணினி விளையாட்டினுள் நிர்மாணித்து அதில் விழா நடத்தினர். நம் நாட்டில் ஆகஸ்டு மாதம் பம்பாய் ஐ.ஐ.டி., மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் கணினியிற் சித்திர உருவம் அமைத்து, நோபல் பரிசு பெற்ற பௌதிக நிபுணர் டங்கன் ஹால்டேனின் உருவத்தின் முன்னிலையில் பட்டம் பெறச் செய்தது. இவை யாவும் புத்தி சாதுரியத்துக்கு எடுத்துக்காட்டுகளே. நாம் இவற்றை இகழோம்.

ஆயினும் ஒரு விழாவின் பெருமையை அதன் யந்திர நுட்பத்தால் அளத்தல் தகாது. பட்டதாரிக்கு அங்கே என்ன சொல்லப்பட்டது, அவனிடம் என்ன ஒப்படைக்கப்பட்டது என்பதே அளவுகோல். மே 16-ந் தேதி விழாவில் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமா பேசினார். பொறுப்பிலுள்ளோர் யாவும் அறிந்தவர் என்னும் மயக்கத்தைக் கொள்ளைநோய் கிழித்தெறிந்துவிட்டது என்றார். உலகம் சீர்படுவது இனி உங்கள் கையிலேயே உள்ளது என்றார். நோயின் கொடுமை கறுப்பின மக்களை மிகுதியாய்த் தாக்கியதையும், தெருவில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பின வாலிபன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. இவற்றினும் முக்கியமாக, இணையத்தில் மாத்திரம் ஊக்கங்காட்டி நின்றுவிடாதீர்கள். திட்டமிடுதலும், ஜனங்களை ஒன்று திரட்டுதலும், ஊர்வலம் செல்லுதலும், வாக்களித்தலும் மெய்யுலகில் நடக்கவேண்டியவை என்று வற்புறுத்தினார். இணையவழி விழாவில் இணையத்தின் எல்லையைச் சுட்டிக் காட்டிய சொல் அது.

ஒன்பதே நாட்கள் சென்றன. மே மாதம் 25-ந் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பர், கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றிய போலீஸ்காரர் ஒருவரால் மாண்டார். நாடு கொதித்தெழுந்தது. இளைஞர்கள் பெருந்திரளாய் வீதிகளில் நடந்தனர். மேடையிற் காட்ட இயலாமற்போன நடையை அவ்வருஷத்து வாலிபர் உலகம் வீதியிற் கண்டது.

குறைகளும் கடமையும்

இணையவழி விழாவில் குறைகளே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. தாயின் தழுவலுக்கு ஈடாகத் திரையில் எதுவும் தோன்றாது. தோழர் கைகோத்து நிற்கும் மகிழ்ச்சியைக் கம்பியில்லாத் தந்தியும் இணையமும் கொண்டுவந்து கொடுக்கமாட்டா. விரைவான இணைய வசதியில்லாத வீடுகள் செல்வங் கொழிக்கும் அமெரிக்காவிலும் ஏராளம். அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தன் விழாவே எட்டாமற் போகக்கூடும். இந்நஷ்டம் மெய்யானது என்பதை உணர்ந்தமையாலன்றோ, செல்வமும் சாதனமும் நிறைந்த ஹார்வர்டு சர்வகலாசாலையே, 2020-லும் 2021-லும் பட்டம் பெற்றோரை 2022-ம் வருஷம் மே மாதத்தில் மீண்டும் அழைத்து நேரில் விழா எடுத்தது!

வாழ்த்தினால் கடன் தீராது என்பதும் மெய்யே. அந்நாட்டிற் பட்டம் பெறுவோருட் பலர் பெருங்கடனையும் உடன் சுமந்தே வெளியேறுகின்றனர். 2019-ம் வருஷம் மே மாதத்தில் மோர்ஹவுஸ் பட்டமளிப்பு விழாவிற் பேசவந்த ராபர்ட் ஸ்மித் என்னும் செல்வர், அவ்வாண்டுப் பட்டதாரிகளின் கல்விக் கடன் முழுதையும் தாமே ஏற்பதாக அறிவித்தார். ஏறத்தாழ 400 பேருக்காக அவர் அளித்த தொகை சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலர். ஒரு கலாசாலையின் ஓராண்டு மாணாக்கரின் கடனே இவ்வளவாயின், தேசத்தின் கடன் எவ்வளவென்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஒரு வள்ளலின் கருணை ஓராண்டைக் காக்கும். ஆண்டுதோறும் காப்பதற்குச் சட்டமும் அரசாங்கமும் வேண்டும்.

இக்குறைகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் ஓர் ஆதாயம் மறுக்கவொண்ணாதது. பிரயாணச் செலவுக்கு வழியின்றி ஒதுங்கியிருக்கக்கூடிய உற்றாரும் உறவினரும் கையிலிருந்த ஒரு செல்பேசியின் வாயிலாக அவ்விழாவுக்குச் சாட்சியாக முடிந்தது. புகழ்பெற்ற ஹௌவர்டும் மோர்ஹவுஸும், வெளியுலகம் பெயர்கூடக் கேட்டிராத சிறு கலாசாலைகளும் ஒரே பந்தியில் அமர்ந்தன. தனித்தனியே நடந்திருந்தால் 78 விழாக்களாய் முடிந்திருக்கும். துன்பம் அவற்றை ஒரு சமூகத்தின் விழாவாக்கிற்று.

பட்டமளிப்பு விழாவுக்கு அந்நாட்டார் வழங்கும் சொல்லுக்குத் 'தொடக்கம்' என்பது பொருள். கற்றவன் தன்னைக் கற்பித்த சமூகத்துக்குத் தொண்டு தொடங்கும் நாள் அது. அதற்குச் சாட்சி வேண்டும். பலர் அறிய அவன்பால் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும். மண்டபத்திற் கூடினும், மரத்தடியிற் கூடினும், திரையிற் கூடினும் இவ்விரண்டும் அமைந்தால் விழா நிறைவுறும். இவ்விரண்டும் அமையாத விழா, ஆயிரம் விளக்கேற்றிய அரண்மனையில் நடப்பினும், அங்கியும் தொப்பியும் உலாவிய காட்சியாகவே முடியும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள நம்மவர்க்கு இதில் ஒரு வேலை உண்டு. நம் ஊரிற் பட்டம் பெற்றுத் திரும்பும் ஒவ்வொரு பிள்ளையையும், முக்கியமாகத் தன் குலத்தில் முதன்முதல் எழுத்தறிந்து வரும் பிள்ளையை, ஊரார் கூடி வரவேற்றல் வேண்டும். நீ கற்ற கல்வியில் எங்களுக்கும் பங்குண்டு என்று உரிமையோடு கேட்டல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு பிடியாது. சர்வகலாசாலையின் அநுமதியும் தேவையில்லை.