பதினான்கு மீட்டருக்கு ஒரு ஃபிரேம்

துபாயிலும் ஷார்ஜாவிலும் படிக்கும் பிள்ளைகள் கல்லூரி ப்ராஜெக்டுக்காக மியூசிக் வீடியோவுக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், முதல் தாளிலேயே ஒரு மணல்மேடு வந்துவிடும். உச்சியில் பாடகி, காற்றில் பறக்கும் துப்பட்டா, கேமரா எங்கோ நூறு மீட்டர் தள்ளி. செட் போட வேண்டாம், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் போதும். ஆசையாக எடுத்துக்கொண்டு வந்து எடிட்டிங்கில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும்.

பாடகியின் மேல் குற்றமில்லை. ஒலிதான் அவளிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்பீக்கரை கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டை ஓடவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 25 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 346 மீட்டர், 40 டிகிரியில் 355. நூறு மீட்டரைக் கடக்க விநாடியில் கால் பங்குக்கும் மேல் ஆகிறது. அவள் கேட்ட பிறகுதானே வாயசைக்க முடியும்? அவள் உதடு அசைந்த ஒளியோ விநாடியின் முப்பது லட்சத்தில் ஒரு பங்கில் கேமராவுக்குத் திரும்பிவிடுகிறது. ஆக, போகும்போது நடந்து போனது, வரும்போது பறந்து வந்தது. விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் எடுத்தால், ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் என்றால் ஏழு ஃபிரேம் பின்தங்கல்.

ஏழு ஃபிரேம் கண்ணுக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். ஒலிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவே இருக்கிறது. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒலி பிந்தினால் 125 மில்லி விநாடி வரை கவனிப்பதில்லை. முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஏன் இந்த ஓரவஞ்சனை? பிறந்ததிலிருந்து நாம் பார்த்ததெல்லாம் ஒலி பிந்தும் உலகம். தூரத்துக் கட்டுமானத் தளத்தில் பைல் அடிக்கும் இயந்திரத்தைப் பாருங்கள்: சுத்தியல் விழுந்து ஒரு கணம் கழித்தே சத்தம் வரும். சத்தம் முதலில் வந்து சுத்தியல் பிறகு விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. மூளை பழகிய பிழையை மன்னிக்கிறது, பழகாததை மன்னிப்பதில்லை.

இந்த ஓரவஞ்சனையைத் தெரிந்துகொண்டால் ஸ்பீக்கர் எங்கே இருக்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும். கேமரா பக்கம் வைத்தால் வாய் பிந்தும், அதாவது படத்தில் ஒலி முந்தும். பதினைந்து மீட்டரைத் தாண்டினாலே குட்டு வெளிப்படும். அதே ஸ்பீக்கரைப் பாடகியின் காலடியில், மணல்மேட்டின் மறுசரிவில் மறைத்து வையுங்கள். இப்போது அவள் வாய் சரியாக இருக்கும். கேமராவின் மைக்கில் பதிவாகும் சத்தம்தான் பிந்தும். எடிட்டிங் மென்பொருள் அந்த மைக் சத்தத்தோடு பாட்டைத் தானாகப் பொருத்தும்போது பிழையும் கூடவே வரும், ஆனால் மன்னிக்கப்படும் திசையில். நாற்பது மீட்டர் வரை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால், தூரத்தைப் பதினான்கால் வகுத்து அத்தனை ஃபிரேம் பாட்டை முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. செலவு: ஒரு வகுத்தல் கணக்கு.

சரிபார்க்க மீட்டர் டேப் வேண்டாம், தமிழ் போதும். பாட்டில் ‘ப’வோ ‘ம’வோ வரும் இடத்தில் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். இரண்டு உதடும் ஒட்டாமல் அந்த ஒலிகள் பிறக்காது. ஒட்டிய ஃபிரேமும் ஒலி அலையில் அந்த எழுத்து விழும் இடமும் சேர்ந்தால் சரி. உதட்டைக் காதும் பார்க்கிறது என்பதை 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். ‘க’ என்று அசையும் வாயின் மேல் ‘ப’ என்ற ஒலியை ஒட்டினால், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ‘த’ போன்ற மூன்றாவது ஒன்றைக் கேட்டார்கள். உதடு பிசகினால் கவிஞர் எழுதாத சொல் காதில் விழக்கூடும்.

முன்பே பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைப்பது தமிழ் சினிமாவுக்கு வந்தது 1930களின் கடைசியில். ஏ.வி.மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938) படத்தைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன் நடிகரே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் புதருக்குப் பின்னாலும் ஒளிந்து வாசித்த கதைகள் நிறைய உண்டு. அங்கே பொருத்தம் தவற வழியே இல்லை, எல்லாம் ஒரே காற்றில் நடந்தது. எழுபது சொச்சம் வருடம் கழித்து 2011 நவம்பர் 16-இல் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வெளியானபோது, ஊர் உலகமே பார்த்த அந்த வீடியோவில் மலையும் இல்லை, மணலும் இல்லை. ஒலிப்பதிவு அறை, மைக், காதில் ஹெட்போனோடு தனுஷ், அவ்வளவுதான். ஒலி கடக்க வேண்டிய தூரம் ஓர் அங்குலம்கூட இல்லை. துபாயின் கரமாவில் ஒரு ஃபிளாட்டின் படுக்கையறையில் எடுப்பதைக் கேவலமாக நினைக்கும் மாணவர்கள் அதை இன்னொரு முறை பார்க்கலாம்.

சரி, மணல்மேடுதான் வேண்டும் என்றால் வெயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கடக ரேகை ஐக்கிய அரபு அமீரகத்தின் தென்பகுதி வழியாகப் போகிறது. துபாய் அதற்குச் சற்று வடக்கே, 25 டிகிரி அட்சரேகையில். ஜூன் 21 நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே, 88 டிகிரியில் நிற்கும். ஆறடி ஆளின் நிழல் இரண்டேகால் அங்குலம். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கு நிழல் மேலுதட்டில் விழுந்து, அழகான முகமும் மண்டையோடு மாதிரி தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-இலிருந்து 3 வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அதே சூரியன் 41 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் அன்று 53 டிகிரி. அதாவது துபாய்க் குளிர்காலத்தில், நம் ஊரில் காலையிலும் மாலையிலும் மட்டும் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கிறது. டிசம்பரில் எடுங்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வது குளிருக்காக. கோணத்துக்காகவும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்திப் பொன்வெளிச்சத்தை ‘கோல்டன் அவர்’ என்று யூடியூபில் பாடம் எடுப்பவர்கள் சொல்வார்கள். அவர்களில் பலர் லண்டன் போன்ற வடக்கு ஊர்க்காரர்கள். அங்கே டிசம்பரில் சூரியன் படுத்தபடி சாய்வாக இறங்கும். கடைசி ஆறு டிகிரியைக் கடக்க ஏறக்குறைய ஐம்பத்தைந்து நிமிடம். துபாயில் அரை மணி நேரம்தான். நான்கு நிமிடப் பாட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் மேட்டில் ஏறவும் காலடித் தடத்தை அழிக்கவும் மூன்று நிமிடம் என்றால், நான்கு டேக்கோடு இருட்டிவிடும். எனவே முழுப் பாட்டையும் அங்கே எடுக்க ஆசைப்படாமல் பல்லவியை மட்டும் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். சரணங்கள் வேறெங்காவது நடக்கட்டும்.

அந்த அரை மணியிலும் தூசி பங்கு கேட்கும். சுத்தமான காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை மிச்சம் வைப்பதால்தான் அந்தி சிவக்கிறது. பாலைவனத் தூசித் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். ஷமால் என்ற தூசிக் காற்று வீசிய நாட்களில் சூரியன் சிவக்காமல், அடிவானத்துக்கு மேலேயே பால் வட்டமாக மங்கி மறைந்துபோவது இதனால்தான். மழை பெய்த மறுநாள் கிடைத்தால் வகுப்பைக் கட் அடித்தாவது கிளம்பலாம்.

கோடையில் எடுத்தே தீர வேண்டிய செமஸ்டர்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. வளைகுடாக் கடல் ஆழமில்லாதது, கொதிக்கக் கொதிக்கச் சூடாவது. அதன் மேல் நிற்கும் காற்று நீராவியைச் சுமந்திருக்கிறது. சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8-இல் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரியாகப் பதிவானது. உலகிலேயே மிக உயர்ந்த பதிவுகளில் ஒன்று. ஏசி காரிலிருந்து 22 டிகிரியில் இறங்கும் லென்ஸ் இப்படிப்பட்ட காற்றில் என்ன ஆகும்? சோடா பாட்டில் மாதிரி வேர்த்துவிடும். துடைத்தாலும் திரும்ப வேர்க்கும். காருக்குள்ளேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே எடுத்து, அது சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. போன் என்றால் வேறு கவலை: ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிளே சொல்கிறது. அதற்கு மேல் திரை மங்கும், சில சமயம் ரெக்கார்டிங் நின்றே போகும்.

சரணத்தைத் தெருவிலோ கடைக்குள்ளோ எடுக்கப் போனால் மின்சாரம் வந்து நிற்கும். அமீரகத்தில் மாறுமின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பிரகாசிப்பதால் விநாடிக்கு நூறு துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் வைத்துக்கொண்டால், சில ஃபிரேமில் துடிப்பின் உச்சம் அதிகம் விழும், சிலதில் குறையும். சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலேறிக்கொண்டே இருக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுத் துடிப்புகளையே அள்ளும், பட்டை போய்விடும். ‘சினிமா லுக்’ வேண்டும் என்று 24 ஃபிரேமைக் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு உடன்பாடில்லை. 25 வையுங்கள், கணக்கும் எளிது. நிமிடத்துக்கு நூறு அடி தாளமுள்ள பாட்டில் ஒரு அடிக்குச் சரியாகப் பதினைந்து ஃபிரேம், ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 120. எங்கே வெட்டுவது என்பதைப் படம் எடுக்கும் முன்பே தாளில் எழுதிவிடலாம்.

எல்லைதாண்டி சவூதிக்குள் போனால் இந்த ஷட்டர் அமைப்பு செல்லாது. அமீரகம், ஓமான், கத்தார், பஹ்ரைன், குவைத் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், சவூதி மட்டும் 60. ஆறு நாடுகளின் மின்கட்டமைப்பை இணைத்தபோது இந்த இரண்டும் நேரடியாகக் கைகோக்க முடியவில்லை. சவூதியின் அல் ஃபதிலியில் ஒரு பெரிய நிலையம் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, மறுபடி மாறுமின்னோட்டமாக்கி அனுப்புகிறது. மின்சாரத்துக்கு நிலையம், உங்களுக்கு 1/60.

பறக்கும் துப்பட்டா மெதுவாக வேண்டும், வாய் மட்டும் பாட்டோடு போக வேண்டும் என்றால்? பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். பாடகிக்கு நாக்கு சுளுக்கும், பார்ப்பவர்களுக்குக் காற்றே தாளத்தை மறந்ததுபோல் இருக்கும். கோல்ட்பிளே குழுவின் ‘தி சயன்டிஸ்ட்’ வீடியோவுக்காக கிறிஸ் மார்ட்டின் பாட்டையே பின்னோக்கிப் பாடப் பழகினார். படத்தைத் தலைகீழாக ஓட்டினால் உலகம் பின்னால் போக, அவர் வாய் மட்டும் நேராகப் பாடும். இதற்கெல்லாம் தேவை பணமல்ல, மனப்பாடம்.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: பொது இடத்தில் ஷூட்டிங்குக்கு துபாயில் திரைப்பட ஆணையத்தின் அனுமதி வேண்டும். டிரோனுக்குத் தனி அனுமதி, அதை மறந்துவிடுவதே உத்தமம். பின்னணியில் முன்பின் தெரியாத ஒருவரின் முகம் அவர் சம்மதமின்றி விழுவது 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி வம்பில் முடியலாம். கல்லூரிக் கடிதம் பையிலேயே இருக்கட்டும்.

இனி அந்த மணலைப் பற்றி. அது சும்மா கிடக்கும் செட் இல்லை, பாடும். 1930 கடைசியில் சலாலாவிலிருந்து புறப்பட்டு ருப் அல் காலி பாலைவனத்தைக் கடந்து 1931 பிப்ரவரியில் தோஹா சேர்ந்த பயணி பெர்ட்ராம் தாமஸ், வழியில் மணல்மேடு முழங்கியதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். செங்குத்தான முகத்தில் காய்ந்த மணல் சரியும்போது துகள்கள் ஒன்றையொன்று தாண்டி ஒரே சீராக உரசுவதால் வரும் ஒலி அது. சிமோன் டாக்வா-போய் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மொராக்கோ மேடு ஒன்று ஏறக்குறைய 105 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுரத்தில் நின்றது. நம் கணக்கில் கீழ் ஸ்தாயியில் ஐந்தரைக் கட்டைக்கு ரொம்பப் பக்கம். ஓமானின் அல் அஷ்கராவில் உள்ள மேடோ 90-க்கும் 150-க்கும் இடையில் எல்லாச் சுரத்தையும் ஒன்றாகப் போட்டு இரைந்தது. காரணம் துகளின் அளவு: மொராக்கோவில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஓமானில் பொடியும் பெரிதும் கலந்தது. ஓமான் மணலைச் சலித்து ஒரே அளவாக்கிச் சரித்தபோது அதுவும் ஒரு சுரத்துக்கு வந்து நின்றது.

அப்படி ஒரு மேடு கிடைத்தால் பனி ஈரம் உலர்ந்த பிற்பகலில் மேலே ஏறி உட்கார்ந்தபடி சறுக்கிப் பதிவு செய்து, பாட்டின் சுருதியாக அடியில் போடலாம். ஒரு சிக்கல்: போன் ஸ்பீக்கருக்கு 105 ஹெர்ட்ஸை உரக்க எழுப்பும் வலு கிடையாது. ஆனால் அதன் மடங்குகளான 210-ஐயும் 315-ஐயும் மிக்ஸிங்கில் கொஞ்சம் தூக்கிவிட்டால், கேட்பவரின் மூளை அடியில் இல்லாத 105-ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.