கிள்ளானில் வீடு வாங்கலாமா?

பிரிக்பீல்ட்ஸில் வாடகை கட்டும் இளம் தம்பதியருக்குக் கிள்ளான் ஆசை காட்டுகிறது. கோலாலம்பூரைவிட விலை குறைவு. லிட்டில் இந்தியா, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் உண்டு. 2024 பிப்ரவரியில் மாநகரமாகவும் ஆகிவிட்டது.

ஆனால், மாதத் தவணையோடு பயணத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 முதல் டோல் இல்லை. நெரிசல் மட்டும் குறையவில்லை. கொமுட்டர் ரயிலில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். என்னைக் கேட்டால், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள பழைய வீடே மேல்.

முதல் வீட்டுக்கு வங்கிக் கடன் பெரும்பாலும் 90 விழுக்காடு வரைதான். மீதிப் பணத்துக்கு இபிஎஃப் கைகொடுக்கும். வழக்கறிஞர் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, வெள்ளம். 2021 டிசம்பரில் பக்கத்துத் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தோமே! அடைமழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அண்டை வீட்டாரிடம் கேளுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று.