தேமல் என்று நினைத்தோமே!

மாங்கனித் திருவிழாவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சின்ன நாத்தனார் அடுப்படியில் தோசை வார்த்துக் கொண்டிருந்தாள். முழங்கை காய்ந்த கல்லில் பட்டுத் தோல் பொசுங்கிவிட்டது. அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த தோசையைத் திருப்புகிறாள்!

"ஏண்டி, சுடலையா?"

"இல்லையே அண்ணி."

அந்த இடத்தில் வெளிறிய தேமல் மாதிரி ஒன்று. இரண்டு வருஷமாக இருக்கிறதாம். மாமியார் சொல்படி பூவரசங்காய்ப் பால் தடவியிருக்கிறாள். அரிப்பில்லை, வலியில்லை என்று விட்டுவிட்டாள். "வலியில்லாததுதாம்மா சங்கதியே" என்றார், காரைக்கால் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. தொழுநோயின் ஆரம்பம்! அவள் அழுத அழுகை இருக்கிறதே, வியாதிக்காக அல்ல. புகுந்த வீட்டை நினைத்து.

ஆறு மாத மாத்திரையை அட்டை அட்டையாக இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் ஒன்றின் பெயர் டாப்சோன். கந்தகம் சேர்ந்த மருந்து என்றார் டாக்டரம்மா. எனக்கு ஆச்சரியம். கந்தகம் என்றால் பட்டாசு ஞாபகம்தானே வரும்? ஆனால் வெங்காயம், பூண்டு, பெருங்காயம் எல்லாவற்றின் நெடியும் கந்தகக் கூட்டுப்பொருள்களால்தானாம்.

டாப்சோனின் கதையைத் தேடிப் படித்தேன். 1908-ல் ஜெர்மனியில் ஃப்ராம், விட்மன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் இதைத் தயாரித்தார்கள். நடுவில் ஒரு கந்தக அணு, இரு பக்கமும் இரண்டு பென்சீன் வளையங்கள். மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. 29 வருஷம் சும்மாவே கிடந்தது. 1937-ல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சில கிருமிகளை அடக்கியது. ஆனால் மனிதருக்கு விஷமாகுமோ என்று பயம். 1941-ல் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்தில், இதையே கொஞ்சம் மாற்றிச் செய்த ப்ரோமின் மருந்தைத் தொழுநோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றினார்கள். புண்கள் ஆறின!

அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுவதுதான் வைத்தியம். வலி உயிர் போகுமாம், பாவம். தொழுநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்கவும் முடியாது. ஆகவே நோயாளிகளிடமே மருந்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. 1940-களில் நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், திருமணி தொழுநோய் மருத்துவமனையில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் விலை மலிவான மூல மருந்தையே எண்ணெயில் கலந்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். பலித்தது. பிறகு தினம் 100 மில்லிகிராம் மாத்திரையே போதும் என்றானது. ஏழைக்கும் எட்டும் மருந்தானது அப்படித்தான். தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடுகிறது என்பதால், 1981-ல் உலக சுகாதார நிறுவனம் வேறு மருந்துகளையும் சேர்த்துத் தரச் சொன்னது.

"தட்டை தனியா வைக்கணுமா?" என்று அவள் மாமியார் கேட்டார். வேண்டவே வேண்டாம், மருந்து ஆரம்பித்துவிட்டால் பிறருக்குப் பரவாது என்றார் டாக்டரம்மா. கூட்டுமருந்தால் சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்தாலோ, சோகை தட்டினாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்றும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த வியாதியைக் காட்டி விவாகரத்து கேட்க முன்பு சட்டத்தில் இடமிருந்தது. 2019-ல் அதை நீக்கிவிட்டார்கள். இதை நாத்தனாரின் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். "எனக்கெதுக்கண்ணி அந்தச் சட்டம்?" என்றார் அவர்.

ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டாள். விரல்கள் நன்றாக இருக்கின்றன. முழங்கையில் அந்த இடம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. கல்லில் பட்டுவிடாமல் இருக்க, முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் தோசை வார்க்கிறாள்.