சிறிய சன்னலில் பெரிய படம்

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டத்தாள் புதிய பொருள் அல்ல. சேலையில் வரும் மாங்காய், அன்னப்பறவை, கொடி முதலிய உருவங்களை நெய்வதற்கு முன்பு கட்டத்தாளில்தான் வரைகிறார்கள். தூரத்திலிருந்து வளைந்த மாங்காயாகத் தெரிவது, அருகில் சென்று பார்த்தால் நிரப்பிய கட்டங்களும் நிரப்பாத கட்டங்களுமாகப் பிரிந்துவிடும்.

இந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவார்கள். தாளின் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நின்றுவிடும். தூக்கிய இழைகளுக்கும் தூக்காத இழைகளுக்கும் நடுவே நாடா ஓடி ஊடையைப் போடும். பிரான்சு நாட்டின் பட்டு நகரமான லியோனில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய பொறி இது. துளை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே சொற்களில் படம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்பதே இதன் அடிப்படை. இன்று பல தறிகளில் அட்டையின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. ஆனால் கட்டங்கள் மாறவில்லை.

இப்போது ஒரு சிக்கலைப் பார்ப்போம். 80 கட்டம் அகலமுள்ள ஒரு மாங்காய் இருக்கிறது. அதை 50 கொக்கிகளுக்குள் அடக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஒவ்வொரு எட்டுக் கட்டத்திலும் மூன்றை நீக்கினால் 80 என்பது 50 ஆகிவிடும். கணக்கு சரிதான். ஆனால் கொடியின் தண்டு ஒரே கட்டம் அகலமுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய கட்டத்தில் அது விழுந்துவிட்டால் தண்டே காணாமற் போகும். சாய்ந்த கோடுகள் உடையும். கட்டத்தைப் பாதியாக வெட்ட முடியாது. அரை இழையைத் தூக்கும் கொக்கி கிடையாது அல்லவா? ஆகவே ஒன்று படத்தை நசுக்கிக் குறையோடு ஏற்க வேண்டும், அல்லது ஒரு பகுதியை வெட்டிவிட வேண்டும், அல்லது புதிதாக வரைய வேண்டும்.

இதே சிக்கல், இதே விகிதத்தில், உலகப் புகழ் பெற்ற ஒரு விளையாட்டைக் கையடக்கக் கருவிக்கு மாற்றியபோதும் எழுந்தது. அந்தக் கதைதான் இது.

மேடை தாவும் மாரியோ

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அதை உருவாக்கியவர்கள். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடவேண்டிய விளையாட்டு. மீசை வைத்த, தொப்பி அணிந்த மாரியோ என்ற சிறு மனிதன் ஓடுவான், மேடை விட்டு மேடை தாவுவான், பள்ளங்களைத் தாண்டுவான். இப்படிப்பட்டவற்றை மேடை விளையாட்டுகள் என்பார்கள். 1990-களில் நம் ஊர் வீடுகளிலும் இந்த மாரியோ ஓடினான். உங்கள் மாமாவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்கள்.

மாரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்த காரணம் சுவையானது. 1981-இல் 'டாங்கி காங்' என்ற விளையாட்டில் அவன் முதன்முதலாகத் தோன்றியபோது, அவனை வரையக் கிடைத்த புள்ளிகள் மிகச் சில. அவற்றில் வாயை வரைவது கடினம். ஆகவே மீசை வைத்தார் மியமோட்டோ. பறக்கும் தலைமுடியை வரைவதும் கடினம். ஆகவே தொப்பி போட்டார். கட்டத்தாளில் வரைபவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகப் புரியும்.

தொலைக்காட்சியில் அந்தக் கருவி வரைந்த படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்டது. மொத்தம் 61,440 புள்ளிகள். ஆனால் அந்த விளையாட்டு முழுவதுமே 40 கிலோபைட் நினைவகத்தில் அடங்கியது. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைக் கணிப்பொறியில் தமிழில் சேமித்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு இடம் தேவைப்படும்! எப்படிச் சாத்தியமாயிற்று?

நெசவாளர் கையாளும் அதே முறைதான். ஒரு புட்டாவுக்கான அட்டைகளைத் தயாரித்துவிட்டால் சேலை முழுவதும் அதையே திரும்பத் திரும்ப நெய்யலாம். விளையாட்டுக் கருவியும் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் கொண்ட சிறு சதுரங்களைச் சேமித்து வைத்திருந்தது. தரையில் பதிக்கும் ஓடு போல இருப்பதால் இவற்றை 'டைல்' என்றே அழைக்கிறார்கள். திரையில் இவை 32 நிரல்களும் 30 வரிசைகளுமாக, மொத்தம் 960 இடங்களில் பதிக்கப்படும். எந்த இடத்தில் எந்த எண்ணுள்ள சதுரம் என்று மட்டும் குறித்தால் போதும்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம்தான். வெள்ளை நிறத்தில் வந்தால் மேகம். பச்சையில் வந்தால் புதர். அட்டையை மாற்றாமல் ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றி வேறு சேலை நெய்வது போல!

சன்னல் சிறுத்தது

நின்டெண்டோ 1989-இல் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. 1998-இல் அதன் வண்ண வடிவமான 'கேம் பாய் கலர்' வந்தது. இரண்டின் திரையும் 160 புள்ளி அகலம், 144 புள்ளி உயரம். அடுத்த ஆண்டு, 1999-இல், பழைய மாரியோ விளையாட்டை 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்' என்ற பெயரில் இந்தக் கருவிக்குக் கொண்டுவந்தார்கள்.

அகலத்தைப் பாருங்கள். 256 என்பது 160 ஆக வேண்டும். எட்டுக்கு ஐந்து! நம் மாங்காய்க்கு வந்த அதே விகிதம்.

படத்தைச் சுருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 16 புள்ளி உயரமுள்ள மாரியோ 10 புள்ளியாகக் குறுகியிருப்பான். அவன் கண் என்று நாம் காண்பதே ஓரிரு புள்ளிகள்தான். அது தப்புமா என்பது ஐயமே. அதோடு, மாரியோவின் வேகம், அவன் தாவும் உயரம், பள்ளத்தின் அகலம் ஆகியவை ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்டவை. மேலே எறிந்த பந்தின் வேகம் புவியீர்ப்பால் நொடிதோறும் குறைவது போல, தாவும் மாரியோவின் வேகத்தையும் கருவி ஒவ்வொரு படத்துக்கும் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. உருவத்தைச் சுருக்கினால் இந்த எண்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

ஆகவே அவர்கள் புள்ளிகளைத் தொடவில்லை. உருவங்களை அதே அளவில் வைத்து, சன்னலை மட்டும் சிறிதாக்கினார்கள். 160-ஐ 144-ஆல் பெருக்கினால் 23,040. இது 61,440-இல் சரியாக எட்டில் மூன்று பங்கு. பழைய திரையில் தெரிந்த காட்சியில் எட்டில் ஐந்து பங்கு ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

இழந்தது எவ்வளவு நேரம்?

'படத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன?' என்று கேட்கலாம். குறைந்தது படம் மட்டுமல்ல, நேரமும்கூட. கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூல விளையாட்டில் மாரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு படத்துக்கு 2.5 புள்ளி நகர்வான். கருவி வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் காட்டுகிறது. ஆகவே வேகம் வினாடிக்கு 150 புள்ளி. கையடக்கக் கருவியும் வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்களே காட்டுவதால் அதே வேகத்தை வைத்துக்கொள்ளலாம். எளிமைக்காக, மாரியோ திரையின் நடுவில் இருப்பதாகக் கொள்வோம்.

பெரிய திரையில் அவனுக்கு முன்னால் தெரியும் தூரம் 256-இல் பாதி, அதாவது 128 புள்ளி. இதை 150-ஆல் வகுத்தால் 0.85 வினாடி. சிறிய திரையில் 80 புள்ளி, நேரம் 0.53 வினாடி. திரையின் ஓரத்தில் ஒரு பள்ளம் தோன்றியதும் அதைத் தாண்ட முடிவு செய்யக் கிடைக்கும் அவகாசத்தில் 0.32 வினாடி பறிபோய்விட்டது.

இது சிறு நேரமா? கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு 0.2 முதல் 0.25 வினாடி வரை ஆகும். முதல் கணக்கில் அதைக் கழித்தால் 0.6 வினாடியாவது மிஞ்சும். இரண்டாவதில் மிஞ்சுவது சுமார் 0.3 வினாடி. பழைய விளையாட்டில் தேர்ந்தவர்களும் கையடக்கக் கருவியில் தடுமாற இடமிருப்பது இதனால்தான். மூடுபனியில் ஆரணியிலிருந்து வேலூருக்குப் பேருந்து ஓட்டுபவர் ஏன் வேகத்தைக் குறைக்கிறார் என்பதற்கும் இதே விடைதான். பார்வைத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பதே அவருடைய அவகாசம்.

செங்குத்தாகவும் இழப்பு உண்டு. தலைக்கு மேலுள்ள செங்கல் கண்ணில் படாமல் போகலாம். இதற்கு ஈடாக, மேலும் கீழும் எட்டிப் பார்க்கும் வசதியை அமைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் சன்னல் மேலேயோ கீழேயோ நகரும். பழைய விளையாட்டில் இல்லாத சேமிக்கும் வசதியும் சேர்ந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம்.

மற்ற இரண்டு வழிகள்

முன்பு சொன்ன மூன்று வழிகளில் இது வெட்டும் வழி. மற்ற இரண்டையும் அதே நிறுவனமே செய்து பார்த்திருக்கிறது.

2001-இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவியின் திரை 240 புள்ளி அகலம், 160 புள்ளி உயரம். 2004-இல் இதே மாரியோ விளையாட்டை அதற்கு மாற்றியபோது நசுக்கும் வழியை எடுத்தார்கள். அகலம் ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. உயரத்தை மட்டும் அழுத்திக் குறுக்கினார்கள். முன்னால் தெரியும் தூரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் மாரியோ சற்றுக் குள்ளமானான்; மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன.

மூன்றாவது, புதிதாக வரையும் வழி. 1981-இன் 'டாங்கி காங்' விளையாட்டை 1994-இல் கேம் பாய்க்குக் கொண்டுவந்தபோது இதைச் செய்தார்கள். பழைய நான்கு கட்டங்களைச் சிறிய திரைக்கு ஏற்றபடி மறுபடியும் வரைந்தார்கள். அதோடு நில்லாமல், அந்தத் திரைக்கென்றே சிந்தித்து மொத்தம் 101 கட்டங்களாக வளர்த்தார்கள். உழைப்பு அதிகம். ஆனால் கொக்கியின் எண்ணிக்கை குறையும்போது கைதேர்ந்த வரைவாளர் செய்வதும் இதைத்தான். தண்டை விட்டுவிடாமல், இலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மாங்காய் மாங்காயாகவே தெரியும்படி அவர் புதிதாக வரைவார்.

மூன்று வழிகளிலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது: வெட்டினால் நேரம், நசுக்கினால் உருவம், மறுபடி வரைந்தால் பழைய படம் பழைய படமாகவே இருக்கும் தன்மை. எதை இழக்கலாம் என்று தீர்மானிப்பதே அமைப்பாளரின் வேலை.

நீங்களே செய்து பாருங்கள்

16 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள செவ்வகத்தில் மரம், வீடு, பள்ளம் எல்லாம் வரையுங்கள். ஓர் அட்டையில் 10 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரத்தில் சன்னல் வெட்டிப் படத்தின் மேல் வையுங்கள். முதலாவதன் பரப்பு 240 சதுர செ.மீ.; சன்னலின் பரப்பு 90. அதே எட்டில் மூன்று! சன்னலை நகர்த்திக்கொண்டே படத்தைப் பார்த்தால் 1999-இல் விளையாடியவர்களின் நிலை புரியும்.

அடுத்தது உங்கள் விரலின் வேகம். 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் சுழிக் குறியின் அருகே உங்கள் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். நண்பர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். அளவுகோல் சுமார் 20 செ.மீ. விழுந்திருந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. விழுந்த தூரத்தை இரண்டால் பெருக்கி, 980-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் வினாடியில் விடை வரும். 0.53-இலிருந்து அதைக் கழியுங்கள். பள்ளத்தின் விளிம்பில் உங்கள் மாரியோவுக்கு எவ்வளவு அவகாசம் மிஞ்சுகிறது?

பிறகு ஒருநாள், கட்டத்தாளில் புட்டா வரைபவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், பெரிய மாங்காயைச் சிறிய கரைக்குக் கொண்டுவரும்போது அவர் எதை விட்டுவிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையை இந்தக் கணக்குகளோடு ஒப்பிட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.