உளுந்து வேரில் முடிச்சு சிவந்திருக்கிறதா? ரைசோபியம் வேலை செய்வதற்கு அதுதான் சாட்சி!

‘ரைசோபியம் கலந்துதான் விதைச்சோம்... வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே!’ தை மாதத்தில் நெல் தரிசு உளுந்து தெளிக்கும் டெல்டா விவசாயிகள் பலர் சொல்லும் குறை இது. குறை நியாயமானதுதான். ஆனால், விதையில் கலந்த நுண்ணுயிர் உயிரோடு இருந்ததா, வேரில் குடியேறியதா என்று தோண்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு மண்வெட்டி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிளேடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்ற பட்டங்களைவிட தரிசு உளுந்தில் இது முக்கியம். சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுகிறோம். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. அறுப்புக்குப் பிறகு வயலில் மிஞ்சியிருக்கும் ஈரத்திலும் பனியிலும்தான் பயிர் வளர்ந்தாக வேண்டும். அதோடு, மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற வயலில் ரைசோபியத்தின் எண்ணிக்கை குறைந்துபோக வாய்ப்பு அதிகம். ஆக, விதையோடு ஒட்டிப் போகிற நுண்ணுயிர்தான் இந்தப் பயிருக்குக் கொடுக்க முடிந்த அடியுரம்.

வேருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான். ஆனால், அந்த வடிவத்தில் எந்தப் பயிராலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்தின் வேர் சில பொருள்களை மண்ணில் கசிய விடுகிறது. அதை உணர்ந்து ரைசோபியம் வேர்த்தூவியை நோக்கி வருகிறது. தூவி சுருண்டு அதை உள்ளே விட்டுக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் முடிச்சு உருவாகிறது. செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது. ரைசோபியம் காற்றின் தழைச்சத்தை அம்மோனியாவாக மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது.

இந்த வேலைக்கு ஆக்சிஜன் அதிகமானால் ஆகாது, இல்லாமலும் முடியாது. அளந்து கொடுப்பதற்காக நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு சிவப்புப் பொருளைச் செடி முடிச்சுக்குள் வைத்திருக்கிறது. அதன் பெயர் லெக்ஹீமோகுளோபின். முடிச்சை நறுக்கினால் தெரிகிற சிவப்பு இதுதான்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

விதைத்து 30 முதல் 35 நாளில், பூ எடுக்கும் சமயம்தான் சரி. காய் முற்றத் தொடங்கிவிட்டால் முடிச்சுகள் தாமாகவே பழுத்து உதிர ஆரம்பிக்கும். அப்போது பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. செடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. நல்ல முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். சுற்றி மண்ணோடு பெயர்த்து எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாக அலச வேண்டும். வயலில் நான்கைந்து இடங்களில் இப்படி எடுத்துப் பார்ப்பது நல்லது.

முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்போ சிவப்போ இருந்தால் தழைச்சத்து தயாராகிக்கொண்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால், இன்னும் இளசாக இருக்கலாம். பூக்கும் பருவத்திலும் எல்லாமே வெள்ளை என்றால் அவை சத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் முடிச்சுகள். பச்சையோ பழுப்போ என்றால் வேலை முடிந்துவிட்டது. எண்ணிக்கையைவிட நிறம்தான் கணக்கு.

நூற்புழு தாக்கிய வேரிலும் முடிச்சு இருக்கும் என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும்.

பாக்கெட்டில் இருப்பது உயிர்

முடிச்சு இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்கெட்டை. ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. தயாரித்த அன்று இருந்தது, தகரக் கூரைக் கடையில் வெயிலில் வெந்த பிறகும் இருக்கும் என்று சொல்ல முடியாது. காலாவதி தேதி, எந்தப் பயிருக்கான ரைசோபியம் என்ற இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை ஒரே கூட்டம். சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் வேறு வேறு வகை. மாற்றிப் போட்டால் பலன் கிடைக்காது. வீட்டுக்கு வந்த பாக்கெட்டைப் பூச்சிமருந்து டப்பாவோடு அடுக்கி வைப்பதும் வேண்டாம்.

பரிந்துரை ஹெக்டேருக்கு 3 பாக்கெட், அதாவது 600 கிராம். ஏக்கருக்கு ஏறக்குறைய கால் கிலோ. நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் ஒட்டும்படி புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கஞ்சி கைபொறுக்கும் சூட்டில் இருந்தால்கூடப் பொறுக்கலாம், தண்ணீர்போல ஆறட்டும். பாஸ்போபாக்டீரியாவையும் இதே கஞ்சியில் சேர்க்கலாம். அது மண்ணில் கரையாமல் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். முடிச்சு நன்றாக வேலை செய்ய மணிச்சத்து தேவை.

வேரழுகலுக்காக கார்பன்டசிம், திரம் போன்ற பூஞ்சணக்கொல்லியில் நேர்த்தி செய்தவர்கள் அதே கையோடு ரைசோபியத்தைக் கலப்பது வழக்கமாக நடக்கும் தவறு. குறைந்தது 24 மணி நேர இடைவெளி வேண்டும். அதைவிட, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியோ, 10 கிராம் சூடோமோனாஸோ முதலில் கலந்து, பிறகு ரைசோபியம் கலப்பது எளிது. இவை ஒன்றுக்கொன்று பகையில்லை. ஆனால், டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சணம் என்பதால், பூஞ்சணக்கொல்லியோடு அதைச் சேர்த்தால் காசு வீண்.

இலை வெளுத்தால் யூரியாவைத் தூக்கிப் போடும் பழக்கமும் முடிச்சைக் கெடுக்கும். தழைச்சத்து வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பூக்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைவழி தெளிப்பதுதான் தரிசு உளுந்துக்கான முறை. இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது என்றால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல். அதற்கு ரைசோபியத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள், வயலின் ஒரு மூலையில் கலக்காத விதையை முதலில் தெளித்துவிட்டு, பிறகு மற்ற இடத்துக்குக் கலந்த விதையைத் தெளிக்கலாம். வரிசை மாறினால் கையிலும் கூடையிலும் ஒட்டிய தூள் கணக்கைக் குழப்பிவிடும். 35-ம் நாள் இரண்டு பக்கமும் தோண்டிப் பார்த்தால், அடுத்த தையில் பாக்கெட்டுக்குச் செலவழிக்கலாமா என்பதை அந்த வயலே சொல்லிவிடும். வருடா வருடம் பயறு விளைந்த நிலத்தில் வித்தியாசம் குறைவாகவும் இருக்கலாம். அங்கே ரைசோபியம் ஏற்கெனவே குடியிருக்கும்.

அறுவடையில் செடியை வேரோடு பிடுங்குவதுதான் பல ஊர்களில் வழக்கம். தூரோடு அறுத்தால் ஆள் கூலி கொஞ்சம் கூடும். வேரும் மிச்ச முடிச்சுகளும் வயலிலேயே மக்கி, அடுத்து வரும் நெல்லுக்குச் சேரும்.