மரபுத்தொடரும் இடமறிதலும்

நேயர்களே, ஆங்கிலம் பயில்வோர் பலரும் மரபுத்தொடர்களை மனனஞ் செய்வதில் ஆர்வங்காட்டுவதை நான் அவதானித்திருக்கிறேன். ஆர்வம் நல்லதே. ஆனால், ஒரு தொடரின் பொருளை அகராதியே தந்துவிடும். அதை யாரிடம், எவ்வேளையில் பயன்படுத்தலாம் என்பதே நாம் கற்க வேண்டியது. அதுபற்றி இன்று சிறிது பார்ப்போம்.

'கிக் த பக்கெட்' என்றொரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வாளியை உதைத்தல். உண்மைப் பொருளோ இறத்தல். பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785 இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் இது இடம்பெற்றிருக்கிறது. அன்றே கொச்சை வழக்கு என்பது இதனாற் தெளிவு. நமது 'மண்டையைப் போட்டான்' என்பதற்கு இதை ஒப்பிடலாம். தந்தையை இழந்த நண்பருக்கு எழுதும் அனுதாபக் கடிதத்தில் இதைச் சேர்த்தால், பொருள் சரியாக இருந்தும் நட்பு முறிந்துவிடும். அங்கே 'பாஸ்ட் அவே' என்பதே தகும். நாம் 'காலமானார்' என்கிறோமல்லவா, அதுபோல.

இடம் மாறினாற் பொருளே தலைகீழாவதும் உண்டு. ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்வதென்றால், பிரித்தானியருக்கு அதை விவாதத்துக்கு எடுத்தல். அமெரிக்கருக்கோ ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படை அதிகாரிகளும் இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டதாகச் சேர்ச்சில் தமது போர் நினைவு நூலில் எழுதியுள்ளார். இரு தரப்பினரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே புரிந்ததாம்.

வானொலி நேயர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று 'டோ த லைன்'. கோட்டிலே கால்விரலை வைத்து நிற்றல். அதாவது, விதிக்குக் கட்டுப்படுதல். காதில் ஒரே ஒலியாக விழும் வேறொரு சொல்லுக்குக் கயிறு கட்டி இழுத்தல் என்று பொருள். அச்சொல்லைப் போட்டு இத்தொடரைப் பிழையாக எழுதுவோர் உண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதைச் சுட்டிக்காட்டுகிறார். தொடருக்குள்ளிருக்கும் படத்தைக் காணாமலே எழுதுவதால் நேர்வது இது என்பது அவர் கருத்து.

எனவே நான் கூறக்கூடியது இதுதான். புதிய தொடரொன்றைக் கண்டால் தனியே குறித்துவைக்காதீர்கள். அது வந்த வாக்கியம், சொன்னவர், கேட்டவர், சூழல் ஆகியவற்றையும் சேர்த்தே குறியுங்கள். இரண்டு மூன்று இடங்களிற் கண்ட பின்னர் முதலில் நண்பரிடம் பேசிப்பாருங்கள். விண்ணப்பக் கடிதத்திலும் அனுதாபச் செய்தியிலும் ஐயமிருந்தால் எளிய சொல்லையே எழுதுங்கள். எளிய சொல் எவரையும் புண்படுத்தியதில்லை. மரபுத்தொடர் உப்பைப் போன்றது. அளவும் இடமும் அறிந்து இட்டால்தான் சுவை.